வாசலில் வேப்பிலை, திரையில் பச்சைப் புள்ளி

அலுவலக அரட்டைச் செயலியில் நம் பெயருக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை வரியை நம்மில் பலர் காலியாகவே விட்டிருக்கிறோம். அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நம் ஊர் வாசல்கள் எப்போதோ சொல்லிவிட்டன.

வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டு வாசல்நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், வந்தவர் வெளியிலேயே நின்றுவிடுவார். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். பால்காரர் பாத்திரத்தை வாசலிலேயே வாங்கி ஊற்றிவிட்டுப் போவார். கைமாற்று கேட்க வந்தவரும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் போக்குவரத்து. "ஏன் நாலு நாளாக் காணோம்?" என்று அந்த வீட்டாரை யாரும் குறை சொல்வதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த ஊரில் மட்டுமா? தமிழ்நாட்டுக் கிராமங்கள் எல்லாவற்றிலும் வாசல் பேசும். விடிந்து நேரமாகியும் கோலம் விழாத வாசல் துக்கத்தைச் சொல்லும். வாழைமரம் கட்டிய வாசல் விசேஷத்தைச் சொல்லும். அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கல் வைத்துக்கொள்ளாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதைத் தெரிந்த சொந்தக்காரர்கள் அந்த நாட்களில் அவர்களை வெளியூருக்குக் கூப்பிடவும் மாட்டார்கள்.

வேப்பிலையில் மூன்று நியாயங்கள் இருக்கின்றன. அதைச் செருகுவது வீட்டுக்காரர், வேறு யாரும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதை மதிக்கிறார்கள். அதை எடுக்க ஒரு நாளும் உண்டு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, இன்று லட்சக்கணக்கானோர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் திரைகளைப் பார்ப்போம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்த்த பிள்ளைகள் மடிக்கணினியோடு கிராமங்களுக்குத் திரும்பினார்கள். அலுவலகம் ஒரு செயலிக்குள் சுருங்கியது. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் சாட், நம் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் கிளிக் என்று செயலியின் பெயர்தான் மாறும். எல்லாவற்றிலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வண்ணப் புள்ளி. அதன் கீழே நாமே எழுதிக்கொள்ள ஒரு வரி. புள்ளியை இயந்திரம் வைக்கிறது. வரியை மனிதர் எழுத வேண்டும். வேலை பார்க்கிறவர்களின் நிம்மதி இந்த இரண்டில் எதை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

விரல் வைத்துத் தேடிய காலம்

இந்தக் கதை 1971-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து வேலை செய்தார்கள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் வேண்டியவரைக் கண்டுபிடிக்க ஆட்கள் திரையில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டித் தேடுவதை லெஸ் எர்னஸ்ட் என்ற ஆய்வாளர் கவனித்தார். அந்தத் தேடலை எளிதாக்க அவர் எழுதிய நிரலுக்கு 'ஃபிங்கர்', அதாவது விரல் என்றே பெயர் வைத்தார்.

ஒருவர் கணினியைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் அது காட்டியது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது போதவில்லை. தாங்கள் ஏன் இல்லை, எப்போது வருவோம், எங்கே பிடிக்கலாம் என்று எழுதி வைக்கவும் இடம் கேட்டார்கள். 'பிளான்' என்ற சிறு கோப்பு அதற்காகச் சேர்க்கப்பட்டது. இயந்திரத்தின் கணக்கும் மனிதரின் சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். ஐம்பது வருடம் கழித்தும் அதே ஏற்பாடுதான் நம் கைபேசியில் இருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் ஐசிக்யூ, ஏஐஎம் போன்ற அரட்டைச் செயலிகள் வந்தன. 'சாப்பிடப் போயிருக்கிறேன்', 'வகுப்பில் இருக்கிறேன்' என்று வெளியே போகும்போது எழுதி வைக்கும் வழக்கத்தை இளைஞர்களிடம் பரப்பியது ஏஐஎம். அது 2017 டிசம்பரிலும் ஐசிக்யூ 2024 ஜூனிலும் மூடப்பட்டன. அவை பழக்கிவிட்ட வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

வாட்ஸ்அப் பிறந்த காரணம்

நம் வீடுகளில் பாட்டிகூடப் பயன்படுத்தும் வாட்ஸ்அப், செய்தி அனுப்புவதற்காகப் பிறந்தது இல்லை என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜான் கூம், 2009 தொடக்கத்தில் ஒரு யோசனையைப் பிடித்தார். தொலைபேசிப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இப்போது என்ன செய்கிறார் என்று ஒரு வரி தெரிந்தால், தேவையில்லாத அழைப்பே இருக்காது அல்லவா? 'பேட்டரி தீரப் போகிறது', 'அழைப்பில் இருக்கிறேன்', 'ஜிம்மில் இருக்கிறேன்' – முதல் வாட்ஸ்அப் இவ்வளவுதான். 2009 பிப்ரவரி 24 அன்று நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம், செயலி திறந்திருக்காதபோதும் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியைத் தந்தது. ஒருவர் தன் ஸ்டேட்டஸ் வரியை மாற்றினால் நண்பர்கள் எல்லாருக்கும் மணி அடித்தது. உடனே மக்கள் அந்த வரியைக் கொண்டே ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் கூம் செய்திச் செயலியைக் கட்டினார். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2017 பிப்ரவரியில் ஸ்டேட்டஸ் என்பது 24 மணி நேரத்தில் மறையும் படங்களாக மாறியது. பழைய வரி வேண்டும் என்று பயனர்கள் குரல் எழுப்ப, அடுத்த மாதமே அதை 'அபவுட்' என்ற பெயரில் திருப்பித் தரும்படி ஆயிற்று. அந்த ஒரு வரியை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நமக்கு இது புதிதா? நிமிஷத்துக்குக் காசு கொடுத்துப் பேசிய நாட்களில் 'மிஸ்டு கால்' நம் ஸ்டேட்டஸாக இருந்தது. ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறியாச்சு. இரண்டு ரிங் விட்டால் வீடு சேர்ந்தாச்சு. எடுக்கவும் வேண்டாம், செலவும் இல்லை, கவலையும் தீர்ந்தது.

அந்த ஒரு வரியின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டம் 2018 நவம்பர் 16-இல் வலியோடு கண்டது. கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னைகள் சரிந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள், வாரங்கள் ஆயின. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்த பிள்ளைகள் தேடியதெல்லாம் நீண்ட கடிதம் இல்லை, 'நல்லா இருக்கோம்' என்ற இரண்டு சொல்தான்.

பச்சை எதைச் சொல்கிறது?

பல அலுவலகச் செயலிகளில் பச்சை என்றால் ஆள் இருக்கிறார், சிவப்பு என்றால் வேலையில் மூழ்கியிருக்கிறார், மஞ்சள் என்றால் இடத்தில் இல்லை. டீம்ஸில் கணினியைப் பூட்டினாலோ சில நிமிடம் தொடாமல் விட்டாலோ புள்ளி தானாக மஞ்சளாகிவிடும்.

இயந்திரம் பார்ப்பது விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் அசைவைத்தான். காகிதத்தில் கணக்குப் போட்டு யோசிப்பவரை அது மஞ்சளாக்கும். தொலைபேசியில் வாடிக்கையாளரின் குறையை அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்பவரும் மஞ்சள்தான். வேலையில் மனம் செல்லாமல் சுட்டியைச் சும்மா உருட்டிக்கொண்டிருப்பவர் நாள் முழுக்கப் பச்சை.

இந்தப் புள்ளியை ஆளின் உழைப்புக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. சுட்டியைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. 2024-இல் அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான வெல்ஸ் ஃபார்கோ, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோலப் போலியாகக் காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்த செய்தி வெளியானது. ஊழியர் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விசை தட்டுவதையே வேலை என்று எண்ணத் தொடங்கிய இடத்தில்தான் போலித் தட்டலுக்கும் தேவை வருகிறது.

அதே புள்ளியை ஊழியருக்குத் துணையாக வைத்தபோது கிடைத்த பலனும் நமக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஃப்ளோலைட்' என்ற சிறு விளக்கை மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் வேலையில் ஆழ்ந்திருந்தால் விளக்கு சிவப்பாகும், கூப்பிடலாம் என்றால் பச்சை. 12 நாடுகளில் 449 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. வேலைக்கு நடுவே குறுக்கிடுவது 46 சதவீதம் குறைந்திருந்தது. அங்கேயும் எரிந்தது ஒரு விளக்குதான். ஆனால் மேலாளர் எண்ணிப் பார்ப்பதற்காக அது எரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் பார்த்துத் தள்ளி நிற்பதற்காக எரிந்தது. வேப்பிலையின் இரண்டாவது நியாயம் இதுதான்.

"வீட்டுலதான இருக்க?"

கிராமத்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். தனி அறை இருக்காது. கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல்மேல் மடிக்கணினி. திரையில் பச்சைப் புள்ளி எரிவதால் அலுவலகம் அவரை எப்போதும் கூப்பிடலாம் என்று நினைக்கிறது. கண்ணெதிரே உட்கார்ந்திருப்பதால் வீடும் அப்படியே நினைக்கிறது.

"ஏம்மா, வீட்டுலதான இருக்க, அப்படியே ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்துரேன்."

"கூட்டம் நடக்குது அத்தே, பதினோரு மணிக்கு முடிஞ்சிரும்."

"யாரையும் காணோமே, கூட்டமாம் கூட்டம்."

சொல்பவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வேலை என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வயல் வேலை கண்ணுக்குத் தெரியும், நடவு முடிந்தால் வரப்பில் நின்று பார்க்கலாம். இந்த வேலை தெரியாது. ஆகவே வீட்டுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் வேண்டியிருக்கிறது. கதவு இல்லாத கூடத்தில் நாற்காலி முதுகில் ஒரு சிவப்புத் துண்டு போட்டால் 'இப்போது கூப்பிட வேண்டாம்' என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். துண்டை எடுத்ததும் எழுந்துபோய் வீட்டு வேலையில் கைகொடுத்தால், மறுநாள் அந்தத் துண்டுக்கு மதிப்பு கூடும்.

புதுக்கோட்டைப் பெண்களுக்குத் தங்கள் நேரத்தைத் தங்கள் கையில் எடுத்த வரலாறு ஒன்று இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆண்கள் கொண்டுபோய் விடுவதற்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. அவர்களுடைய பேத்திகள் இன்று மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய நேரமும் அவர்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும்.

"ஐயா கேம்ப் போயிருக்காங்க"

இது கணினிக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றுக்கோ அரசு அலுவலகம் போனவர்களுக்கு ஒரு வாசகம் நன்றாகப் பழகியிருக்கும்: "ஐயா கேம்ப் போயிருக்காங்க." எங்கே, எப்போது வருவார், அதுவரை யாரைப் பார்க்கலாம்? எதற்கும் பதில் இல்லாத ஸ்டேட்டஸ் அது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு வரியின் விலை ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும்.

அதிகாரி வெளியே போவது தவறில்லை, அதுவும் அவர் வேலைதான். எந்தக் கிழமை எந்த ஊர், எத்தனை மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பார் என்று வாசலில் சாக்பீஸால் எழுதிவைத்தாலே ஐம்பது பேரின் அலைச்சல் மிச்சம். மருத்துவர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் பெயர்ப்பலகையோடு 'உள்ளே – வெளியே' என்று தள்ளிவைக்கும் சிறு சட்டம் இருக்குமே, அதைவிட எளிய கருவி உண்டா?

கடைக்காரர்களுக்கும் இது கைக்கெட்டிய வசதிதான். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடை நேரத்தைப் பதிந்துவைக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம். கீரமங்கலத்துப் பூ வியாபாரி, வடகாட்டுப் பலா வியாபாரி, அறுவடை மெஷின் வைத்திருப்பவர் எல்லாருக்கும் இது உதவும். 'மெஷின் வியாழன் வரை அறந்தாங்கிப் பக்கம், வெள்ளி காலை முதல் நம்மூர்' என்று ஒரு வரி போட்டுவிட்டால், கதிர் முற்றி நிற்கும் வயல்காரர் அதை வைத்து ஆள் ஏற்பாடு செய்வார். இருபது அழைப்பு மிச்சம்.

உட்காரும் உரிமையும் மறையும் உரிமையும்

தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே இருந்த காலம் நமக்குத் தெரியும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. நிற்பது தெரிந்தால்தான் வேலை செய்வதாகக் கணக்கு. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் அதை 2018-லேயே செய்திருந்தது.

அந்தக் கால்வலியும் இந்தப் பச்சைப் புள்ளியும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கச் சொல்வதுதான் அந்த வேர். இரவு பத்து மணிக்கு மேலாளர் அனுப்பும் செய்திக்குப் பதில் போட ஊழியர் துடிப்பதும் அதனால்தான். பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018-இல் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. உட்காரும் உரிமையைத் தந்த தமிழ்நாடு இதிலும் முன்னே நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு வரியில் என்ன எழுதலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்லாக்கில் ஸ்டேட்டஸ் வரிக்கு 100 எழுத்து இடம் இருக்கிறது, டீம்ஸில் 280. அந்த இடத்துக்குள் மூன்று விஷயம் சொன்னால் போதும்.

முதலாவது, என்ன நிலை. 'பிஸி' என்ற சொல் எதையும் சொல்வதில்லை. 'மாதக் கணக்கு முடிக்கிறேன்', 'பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்' என்று எழுதினால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். நோய், வீட்டுத் துக்கம் போன்ற சொந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 'விடுப்பில்' என்பதே போதும். வேப்பிலையும் உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று சொல்வதில்லை.

இரண்டாவது, எதுவரை. 'மதியம் 2 மணிக்குப் பார்க்கிறேன்' என்ற நேரம்தான் அந்த வரியின் உயிர். காத்திருப்பவர் அதை வைத்துத் தன் வேலையைத் திட்டமிடுவார். வரி தானாக அழியும் நேரத்தையும் இந்தச் செயலிகளில் குறிக்கலாம். பொங்கல் விடுமுறை வாசகம் மாசி மாதத்திலும் தொங்கினால், அடுத்த முறை நீங்கள் எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, அவசரம் என்றால் யார். 'அவசரமானால் போன் செய்யவும்' என்றோ, அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியரின் பெயரையோ குறிக்கலாம். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குறிப்பதுதான் மரியாதை.

வெளிநாட்டோடு வேலை பார்ப்பவர்கள் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. 'ஆறு மணிக்கு' என்று மொட்டையாக எழுதினால் மூன்று ஊரில் மூன்று அர்த்தம்.

படிப்பவரின் கடமை

எழுதுவதைவிடப் பெரிய பொறுப்பு படிப்பவருக்கு இருக்கிறது. 'கூட்டத்தில் இருக்கிறேன், 4 மணிக்கு வருவேன்' என்று எழுதியவருக்கு மூன்றரைக்கு "இருக்கீங்களா?" என்று செய்தி அனுப்புவது, வேப்பிலை தொங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் சமம். விஷயத்தை முழுதாக எழுதி விட்டுவைத்தால் அவர் வந்ததும் பதில் சொல்லப்போகிறார். வெறும் "சார்" என்றோ "ஹாய்" என்றோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இருவர் நேரத்தையும் தின்கிறது.

மேலாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் ஒருவர் ஸ்டேட்டஸ் எழுத வேண்டும் என்று விரும்பினால், முதலில் உங்களுடையதை எழுதுங்கள். 'மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகிறேன், 5 மணிக்கு வருவேன்' என்று தலைவர் எழுதினால், கீழே இருக்கும் பத்துப் பேர் பயமில்லாமல் உண்மையை எழுதுவார்கள். புள்ளியின் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, முடிந்த வேலையைக் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் அலுவலகச் செயலியைத் திறந்து, காலியாக இருக்கும் அந்த வரியில் நாளைக் காலை நீங்கள் எத்தனை மணிக்குக் கிடைப்பீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். எழுதிய நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். அடுத்தவர் எழுதியிருந்தால், அந்த நேரம்வரை கதவைத் தட்டாமல் இருங்கள்.